நான் தேய்த்துக் கொடுத்த ஆட்சேபணைத் தாள்கள்

"…உன்னைச் சொல்லலைம்மா, நீ எப்பவுமே எங்க வீட்டு மனுஷிதான். நான் சொல்றது இனிமே வரப்போற ஜனங்களை," என்றார் அந்த அம்மா.

அவர் என் இஸ்திரி வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், நான் இந்தப் பக்கம். நடுவில் பாதி தேய்த்த ஒரு பாண்ட். அதற்கு முந்தின நிமிஷம்தான் நான் வாயைத் திறந்து, "அந்த பில்டிங்ல வரப்போற ஜனங்கள்ல என் பேரும் கீதேம்மா" என்று சொல்லியிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவர் பதில் சொல்ல மூன்று வினாடிகூடப் பிடிக்கவில்லை. அதுவும் எவ்வளவு அன்பான பதில்! கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கடுத்து அவர் ஒன்று செய்தார். அதைச் சொல்வதற்குமுன் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எழுதிப் பார்த்தாலாவது புரிகிறதா என்று பார்க்கலாம்.

பதினெட்டு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் தெருவில் புங்கமரத்தடியில் துணி தேய்க்கிறோம். அப்போது வீடு நீலசந்திராவில். காலையில் இருபது நிமிஷம் நடந்தால் மரத்தடிக்கு வந்துவிடலாம். இந்த இருபது நிமிஷத்துக்குள் ஊரே மாறிவிடும். எங்கள் சந்தில் மூன்று குடும்பத்துக்கு ஒரு குழாய், இங்கே ஒரு வீட்டுக்கு மூன்று கார். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் சொல்வார்: "இந்த ரோட்ல நாய்க்குக்கூட ரெண்டு பேரு அக்கா. ஒண்ணு கூப்பிடறதுக்கு, ஒண்ணு சர்ட்டிபிகேட்டுக்கு." யார் எது சொன்னாலும் மனசில் மடித்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு. நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். மிச்சமெல்லாம் துணி சுற்ற வருகிற தமிழ்ப் பேப்பரிலும் மனுஷர்கள் வாயிலுமாகக் கற்றுக்கொண்டதுதான்.

வீட்டுக்காரரின் அப்பா தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடினதும் குடும்பமே ரயிலேறி இங்கே வந்தது. "எங்கப்பா தோண்டினது தங்கம், நான் தேய்க்கிறது லுங்கி" என்று அவர் யாரைப் பார்த்தாலும் சொல்வார். ஆனால் வேலையில் அவரைப் போலக் கறாரான ஆள் கிடையாது. மூட்டையில் வந்தது எதுவானாலும் மூட்டையோடு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அது அவர் சட்டம். சட்டைப் பையில் சாவி இருக்கும், கம்மல் இருக்கும், மருந்துச் சீட்டு இருக்கும். எல்லாவற்றையும் எடுத்து மடித்த துணிக்கு மேலே வைத்து, அந்தந்த வீட்டுப் போர்வையிலேயே கட்டிக் கொடுப்போம். இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டை மாறியதில்லை. இது தெரிந்து தெருக்காரர்கள் எங்கள் மூட்டையையே தபாலாக்கிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, வாங்கின டிபன் டப்பா, அசோசியேஷன் நோட்டீஸ் எல்லாம் எங்கள் மூட்டையில்தான் வீடு மாறும்.

அந்த அம்மா வீடு மரத்துக்கு நேரெதிர். மகாராஜா காலத்திலேயே மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவருடைய வீட்டுக்காரர் என்ஜினியராக இருந்து காலமானவர். பிள்ளைகள் வெளிநாட்டில். கஞ்சி போட்ட பருத்திப் புடவைதான் கட்டுவார், அதை நான் மட்டும்தான் தேய்க்க வேண்டும். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னோடு வந்தது அவர். காய்ச்சல் என்றால் ரசம் கொடுத்து அனுப்புவதும் அவர்தான். "இந்தத் தெருவுல எனக்குன்னு பேசறதுக்கு நீ ஒருத்திதான் இருக்கே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் எங்கள் வீட்டு ஓனர் வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷன், பக்ரீதுக்கு முதல் பங்கு எங்களுக்குத்தான் வரும். தலையைச் சொறிந்துகொண்டே, "க்யா கர்னா அக்கா, இடிச்சுட்டு பி.ஜி. ஹாஸ்டல் கட்டலாம்னு புள்ளைங்க சொல்றானுங்கோ. ரம்ஜானுக்குள்ள நீங்க வேற ஜாகா பாத்துக்கிட்டா…" என்று இழுத்தார். பார்த்தோம். ஒற்றை அறை கேட்டாலும் எங்களுக்கு எட்டாத வாடகை. எட்டுகிற இடமெல்லாம் இரண்டு பஸ் மாறுகிற தூரம். காலையில் ஏழு மணிக்கு நான் மரத்தடியில் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணாவிட்டால் எட்டரை மணிக்கு ஆபீஸ் போகிறவர்கள் என்ன போட்டுக்கொண்டு போவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஏழை ஜனங்களுக்கு வீடு கட்டித் தருகிறது என்று சேதி வந்தது. மனுப் போட வேண்டும், குலுக்கலில் பேர் வர வேண்டும். மனுவை வாங்கிக்கொண்டு அந்த அம்மாவிடம்தான் போனேன். தன் வராண்டா நாற்காலியில் என்னை உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீல மசிப் பேனாவால் கட்டம் கட்டமாக அவரே எழுதினார்.

"பொறந்த தேதி?"

"தெரியாதும்மா."

"ஆதார்ல என்ன போட்டிருக்கானோ அன்னிக்குத்தான் நீ பொறந்தே. அவ்வளவுதான்."

தெரிந்தவர் ஒருவரின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

குலுக்கலில் என் பேர் வந்தது. அதைவிட அதிசயம், எங்களுக்கு வந்த இடம். அந்தத் தெரு முடிகிற இடத்தில் ஒரு பழைய அரசாங்கக் குடோன், கூரை விழுந்து, உண்ணிச்செடி மூடிக் கிடந்தது. அந்த மனையில்தான் நாலு மாடி கட்டப்போகிறார்களாம். ஓடிவந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். "வந்துடுத்தா! நன்னாப் போச்சு போ. இனிமே நடக்கவே வேண்டாம், அங்கேர்ந்து ஒரு குரல் குடுத்தா இங்க கேக்கும்" என்று என் வாயில் மைசூர்பாக்கைத் திணித்தார். இது நடந்தது. நான் கனவு காணவில்லை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டு மாடியில் அசோசியேஷன் மீட்டிங் நடந்தது. பேச்சுச் சத்தம் மரத்தடி வரை கேட்டது. மறுநாள் நல்ல மழை. மழை விட்டதும் அவர் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார் டிக்கியில் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த தாளெல்லாம் நமுத்துப்போயிருந்தன.

"பெட்டி சூடா இருக்கா? இதையெல்லாம் கொஞ்சம் தேய்ச்சுக் காயவெச்சுக் குடேன். மறுபடியும் பிரிண்ட் எடுக்க நேரமில்லே."

"இன்னாம்மா இது?"

"அசோசியேஷன் சமாசாரம். தண்ணி, டிராஃபிக், சாக்கடை. காஞ்சதும் அப்படியே மூட்டையில வெச்சு வீட்டு வீட்டுக்குக் குடுத்துடு."

இங்கிலீஷ் எழுத்து. எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். தாளைத் தேய்ப்பது லேசான வேலை இல்லை. நேராக வைத்தால் பழுப்பேறிவிடும். மேலே மெல்லிய மல் துணியைப் போட்டு, பெட்டியைப் பாரம் கொடுக்காமல் ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்து, ஓரம் சுருளாமல் தேய்த்து எடுத்தேன். கடைசியில் புதுத் தாள் மாதிரி மொடமொடவென்று இருந்தது. எனக்கே பெருமை. மூட்டைக்கு ஒன்றாக, மேலே இருக்கும் சட்டையின் மடிப்புக்குள் தாளைச் செருகி, அன்றைக்கே பாதி வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு தாள் மட்டும் பிரிய மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு கிழிந்துபோனது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகளுக்குப் பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பாக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"இத நீயா குடுத்தே?"

"ஆமா. இன்னா எழுதிக்கீது?"

"அந்த குடோன் எடத்துல வீடு கட்டக் கூடாதுன்னு எழுதிக்கீதும்மா. ஆட்சேபணையாம், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுக்கணுமாம். தண்ணி பத்தாது, சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த எடமில்ல. அப்புறம் 'முன்பின் தெரியாத ஆளுங்க நடமாட்டத்தால பாதுகாப்பு போயிடும்'. அப்புறம் இன்னாவோ… 'இந்த லேஅவுட்டோட தன்மை கெட்டுடும்'." தாளைத் தூக்கிப் பார்த்தாள். "தன்மைனா இன்னாம்மா? இவங்க சட்டைங்களோட தன்மை கெடாம பாத்துக்கறதே நீதானே."

வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "சபாஷ்! நம்ம வீடு வோணாம்னு சொல்ற பேப்பருக்கு நாமளே இஸ்திரி. நாமளே டெலிவரி." சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "மிச்சத்தக் கொளுத்து" என்றார்.

"மூட்டைல வந்தது மூட்டைல போவணும்னு நீதானே சொல்லுவே."

"அது துணிக்குச் சொன்னது."

"சாவிக்கும்தான் சொன்னே. கம்மலுக்கும்தான் சொன்னே."

அவர் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டார். அந்த அம்மா என்னிடம் பொய் சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் என்றார், சாக்கடை என்றார், தாளில் அதெல்லாம் இருக்கத்தான் செய்தது. கோடையில் அந்தத் தெருவுக்கும் டாங்கர்தான் வருகிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அவர் சொல்வது நியாயமா? நியாயம் என்றால் மைசூர்பாக் எதற்கு? என் மனுவை எழுதின அதே கையால் இதையும் எப்படிக் கொண்டுவந்து கொடுத்தார்? ஒன்று மறந்திருக்க வேண்டும், இல்லை நடித்திருக்க வேண்டும். இரண்டுமே அவரோடு ஒட்டவில்லை.

மறுநாள் மிச்சத் தாள்களையும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று மகள் இன்னும் கேட்கிறாள். என்ன சொல்வது? ஒரு வீட்டுக்குப் போக வேண்டியதை நான் அமுக்கிவைத்தேன் என்றால் பதினெட்டு வருஷத்துப் பேர் என்ன ஆவது? அந்தப் பேரை வைத்துத்தானே சாப்பிடுகிறோம். அதே பேரை வைத்துத்தானே எனக்கு வீடு வரக்கூடாது என்று சொல்லும் தாளும் என் மூட்டையில் ஏறியது. இந்த இடத்துக்கு வந்ததும் என் தலை சுற்ற ஆரம்பித்துவிடும்.

கொடுத்ததோடு போச்சா? தேய்க்கிற துணி வந்து இறங்கும்போது அதோடு கையெழுத்துப் போட்ட தாளும் இறங்கியது. மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் மேலே ஒன்று இருக்கும். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறினபோது காசு வாங்காமல் பார்த்த டாக்டர், கையெழுத்துப் போட்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காத கோடி வீட்டு வக்கீல் தாளை வெறுமையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். நல்லவர் யார், பொல்லாதவர் யார் என்று நான் மனசில் போட்டிருந்த கணக்கெல்லாம் தலைகீழாகிவிட்டது.

அசோசியேஷன் செக்ரட்டரி ஸார் நடைப்பயிற்சி முடிந்து மரத்தடியில் நின்று, கன்னடமும் தமிழுமாகப் பாராட்டினார். "வாட்ஸ்அப்ல போட்டா யாரும் பாக்கல்லம்மா. நிம்மிந்த, உங்களாலதாம்மா, எல்லா மனேலயும் வீட்டுக்கு வீடு பேப்பர் சேந்துடுச்சு. துணியோட வந்ததுனால எல்லாரும் படிச்சுட்டாங்க. தும்ப தேங்க்ஸ்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். கும்பிட்ட பிறகுதான் எதற்குக் கும்பிட்டேன் என்று யோசித்தேன்.

அன்று சாயங்காலம் நான் கோபமாகப் புலம்பிக்கொண்டே நடந்தபோது வீட்டுக்காரர் மெதுவாக ஒன்று கேட்டார். "நம்ம சந்துல அந்தத் தகரக் கொட்டாய் வந்தப்போ நீ இன்னா பேசினே, நெனப்பு கீதா?"

நினைப்பு இருந்தது. கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள் ஐந்தாறு குடும்பம் எங்கள் சந்துக் கடைசியில் கொட்டகை போட்டார்கள். குழாயடியில் நின்று நான்தான் முதலில் கத்தினேன். "எங்கிருந்தோ வந்து எங்க தண்ணிய புடிக்கிறீங்க, யாரு என்னான்னே தெரியல." கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, நிரம்பாத குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள். தாளில் எழுதியிருந்த வார்த்தைக்கும் நான் கத்தின வார்த்தைக்கும் என்ன வித்தியாசம்? நான் இங்கிலீஷில் கத்தவில்லை, அவ்வளவுதான். அதற்காக எனக்கு வீடு வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் கோபப்பட முடியாமல் போய்விட்டது. கோபமும் போய்விட்டால் கையில் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சேபணைகளை எல்லாம் ஆபீசில் கொடுத்துவிட வேண்டுமாம், அதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் முடிவு செய்வார்களாம். செக்ரட்டரி ஸாரே சொன்னார். இதை எழுதுகிற இன்றுவரை அந்த முடிவு வரவில்லை. குடோனை இடித்துவிட்டார்கள், சுற்றிலும் தகர வேலி அடித்தார்கள், அதோடு நிற்கிறது. வீடு வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. ஓனர் எங்கள் வீட்டை இடித்துவிட்டதால் நாங்கள் ஜோகுபாளையத்தில் வீட்டுக்காரரின் தங்கை வீட்டு மாடியில், தகரத்துக்குக் கீழே இருக்கிறோம். நடை இப்போது முக்கால் மணி நேரம். பெட்டி மட்டும் ஏழு மணிக்குச் சூடாகிவிடும்.

அந்த வியாழக்கிழமைக் காலையில் அந்த அம்மா கையெழுத்தான தாள்களை வாங்கிக்கொள்ள மரத்தடிக்கு வந்தார். எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். அவரும் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறதற்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாள்களை எண்ணிப் பார்த்து, "உன்னாலதான் ஆச்சு" என்றார். அப்போதுதான் மூன்று நாளாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. அந்தப் பில்டிங்கில் வரப்போகிறவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். அவர் உன்னைச் சொல்லவில்லை, நீ எங்கள் வீட்டு மனுஷி என்றார்.

நான் கிண்ணத்தில் கையை நனைத்து, பாண்டின் மேல் தண்ணீரைத் தெளித்தேன்.

"ஏன் முகம் இப்படி ஆயிடுத்து? உனக்கு வீடு வேண்டாம்னு யார் சொன்னா? நான்தானே மனு எழுதினேன்!"

"நீங்கதாம்மா எழுதினீங்க."

"பின்னே?"

"அந்த வீடுதாம்மா இந்த வீடு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்ன சொல்வது? மாட்டிக்கொண்டவர் முழிக்கிற முழி இல்லை அது. கூட்டல் சரியாக வராத சின்னப் பிள்ளையின் முகம். அவருக்கும் உண்மையிலேயே புரியவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நான் ஒரு பெட்டியில், வரப்போகிற ஜனங்கள் இன்னொரு பெட்டியில். இரண்டையும் ஒன்றாக அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"இரு" என்றார். பாண்டை ஓரமாகத் தள்ளி, என் கம்பளி விரிப்பின் மேலேயே அந்தக் கடிதத்தை வைத்தார். சூடு பட்டுவிடப் போகிறதே என்று நான் பெட்டியைத் தள்ளி வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரிக்குக் கீழே அதே நீல மசிப் பேனாவால் நிதானமாக எழுதினார். எழுதினதைத் தமிழில் எனக்குப் படித்தும் காட்டினார்.

"'இந்தத் தெருவில் பல வருஷமாக நேர்மையாக உழைத்துவரும் எங்கள் இஸ்திரிப் பெண்மணிக்கு மட்டும், வேறு ஒரு நல்ல இடத்தில் கட்டாயம் வீடு ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.' எப்படி? இத்தனை பேர் கையெழுத்தோட கேட்டா யாரால இல்லேங்க முடியும்?"

"வேற எடம்னா எங்கம்மா?"

"எங்கயாவது காத்தோட்டமா. சர்ஜாபூர் பக்கமெல்லாம் கட்டறாளே."

"அங்கேந்து நான் எப்படிம்மா ஏழு மணிக்கு இங்க வந்து பெட்டி மூட்டுவேன்?"

பேனா அந்தரத்தில் நின்றது. "ஆமாம், அது ஒண்ணு இருக்கே" என்றார். தெருவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தன் வீட்டு கேட்டைப் பார்த்தார். "அதை அப்புறம் யோசிக்கலாம். மொதல்ல இதைக் குடுத்துடுவோம். கீழ நீயும் ஒரு கையெழுத்துப் போடு. அப்பத்தான் நீ எங்க பக்கம்னு அவாளுக்குத் தெரியும்."

"கை ஈரமா கீதும்மா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் முந்தானையால் துடைத்தார். அன்று காலையில் நான் தேய்த்துக் கொடுத்த புடவை. கஞ்சி போட்ட துணி ஈரத்தைச் சட்டென்று எடுக்காது. அதனால் இரண்டு தடவை, மூன்று தடவை, விரல் இடுக்கெல்லாம் விடாமல் பொறுமையாகத் துடைத்தார். பிறகு பேனாவை அந்தக் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டார்.